ரங்கூன் சோற்றுக்கடையும் அயலூர்ப் பந்திகளும்

ரங்கூன் நகரின் நடுப்பகுதியில், அனோரத்தா சாலையிலுள்ள காளியம்மன் கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கும் பர்மியச் சோற்றுக்கடையைப் பற்றியது இந்த மதிப்புரை. பெயர்ப்பலகை பர்மிய எழுத்தில் மட்டுமே இருப்பதால் வெளியூரிலிருந்து வரும் தமிழர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இந்நகரத்துத் தமிழர்களான நாங்களோ கடையை நடத்தும் பெண்மணியை ‘அமா’ என்று பர்மிய வழக்கப்படி அக்காள் முறை சொல்லியே அழைக்கிறோம். வணிகத்தின் பொருட்டும் உறவினர் வீட்டு விசேடங்களுக்காகவும் பாங்காக், பினாங்கு, சென்னை ஆகிய ஊர்களுக்குப் போய் உண்டு பழகிய பின்னரும், வந்தவரை நடத்தும் முறையில் இந்தக் கடைக்கே முதலிடம் தருவேன். சுவையிலும் அதே இடத்தைத் தருவேனா என்றால், மாட்டேன்.

உள்ளே நுழைந்தவுடன் உட்கார்ந்துவிடக் கூடாது. முன்பக்கத்தில் வரிசையாக வைத்திருக்கும் அலுமினியச் சட்டிகளைப் பார்த்து, கோழி, பன்றி, ஆடு, கெளுத்தி, இறால் ஆகியவற்றுள் வேண்டியதைக் கைகாட்டிய பிறகே மேசைக்குப் போக வேண்டும். விலை அந்தக் கறிக்கு மட்டும்தான். அதை ஒட்டி, நாம் வாய் திறப்பதற்கு முன்பே, சோறும், புளிச்சக்கீரைச் சாறோ பருப்புச் சாறோ ஒரு கிண்ணமும், வல்லாரை, வெள்ளரி, பச்சைக் கத்தரிப் பிஞ்சு, வேகவைத்த வெண்டை எல்லாம் குவிந்த ஒரு தட்டும், அவற்றைத் தொட்டுக்கொள்ள ஙாப்பிக் குழம்பும் வந்து மேசையை நிறைத்துவிடுகின்றன. மீனையோ கூனியையோ உப்பிட்டுப் புளிக்கவைத்துச் செய்யும் ஙாப்பியின் நெடி புதியவர்களைச் சற்றே பின்வாங்கச் செய்யும். ஆனால் வல்லாரையின் கைப்போடு அது சேரும்போது கறியே தேவையில்லை என்று தோன்றும். சோறு குறைந்தால் பரிமாறுபவர் வட்டிலோடு வந்து நிற்கிறார். சாறும் காயும் தீர்ந்தால் மறுபடி வருகின்றன. இவற்றுக்குத் தனிக்கணக்குக் கிடையாது. இரண்டாம் முறை கறி கேட்டால்தான் காசு. மேசையில் முன்கூட்டியே வைத்திருக்கும் பிளாஸ்க்கில் பால் சேர்க்காத பச்சைத் தேநீர் இருக்கிறது, அதற்கும் விலையில்லை. உண்டு முடித்ததும் பனைவெல்லத் துண்டுகள் வரும். சில நாள்களில் ஊறவைத்த தேயிலையும், அதனுடன் கலந்துகொள்ள வறுத்த பூண்டு, எள், நிலக்கடலை, மொச்சை ஆகியவையும் வரும்.

கறிகளைப் பற்றி இவ்வளவு தாராளமாகச் சொல்வதற்கில்லை. வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், மிளகாய் சேர்ந்த விழுதை எண்ணெயில் வதக்கி, நீர் முழுதும் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வேகவைப்பது பர்மியச் சமையலின் அடிப்படை முறை. காலையில் இறக்கிய கறி நாள் முழுவதும் சட்டியிலேயே இருக்க வேண்டியிருப்பதால், அந்த எண்ணெய்ப் படலம் தூசும் பூச்சியும் அண்டாமல் காக்கிறது என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனாலும் கறி ஆறித்தான் வருகிறது, மல்லியும் சீரகமும் கறிவேப்பிலையும் மணக்கும் குழம்புக்குப் பழகிய நாக்குக்கு அது மந்தமாகவே படுகிறது. நிலக்கடலை எண்ணெயின் விலை ஏறியதிலிருந்து பல கடைகள் இறக்குமதியாகும் பாமாயிலுக்கு மாறிவிட்டன; இந்தக் கடையின் பன்றிக் கறியிலும் அந்த மாற்றம் வாயில் தெரிகிறது. கெளுத்திக் கறி மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருக்கிறது.

பாங்காக்கில், சீலோம் பகுதியிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போகும் தமிழர்கள் சுற்றிலுமுள்ள தெருக்கடைகளில் உண்டிருப்பார்கள். சோற்றின்மேல் கறியை ஊற்றித் தரும் அந்தக் கடைகளில் ஒரு கறிக்கு ஒரு விலை, இரண்டுக்கு வேறு விலை. தட்டு காலியானால் உணவு முடிந்தது என்று பொருள். உணவின் தரத்தில் அவர்கள் நம் கடையை எளிதாக வென்றுவிடுகிறார்கள். அனல் பறக்கும் சட்டியிலிருந்து நேரே தட்டுக்கு வரும் கீரைப் பொரியலுக்கு ஈடாக எங்கள் ஊரில் எதையும் காட்ட முடியாது. மீன்சாறு, சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய காடி ஆகிய நான்கையும் நூடுல்ஸ் கடைகளில் மேசைமீதே வைத்து, சுவையை உண்பவரே திருத்திக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதும் ஒரு நல்ல மரியாதைதான். குளிரூட்டிய உணவகங்களில் கைகூப்பி வரவேற்பார்கள்; பிறகு பல இடங்களில் விலைச்சீட்டில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஏழு விழுக்காடு வரியும் ஏறியிருக்கும். அங்கே வரவேற்பு அழகானது, ஆனால் அளவிடப்பட்டது.

பினாங்கின் கதை வேறு. தமிழ் முசுலிம்கள் தோளில் காவடி கட்டிச் சுமந்து விற்றதிலிருந்து பெயர் பெற்ற நாசி கண்டார் (மலாய் மொழியில் காவடிச் சோறு) கடைகளில், நான்கு வகைக் குழம்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிச் சோற்றை மூழ்கடிக்கச் சொன்னால் மனங்கோணாமல் செய்வார்கள். குழம்பில் இத்தனை தாராளம் காட்டும் அதே கடையில், விலை மட்டும் தட்டின்மீது ஓடும் ஒரு கண்ணோட்டத்தில் முடிவாகிறது. எதற்கு எவ்வளவு என்று அறியாமல் காசாளரின் முகத்தைப் பார்த்து நிற்கும் அந்தச் சில நொடிகள் எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. அதற்குப் பக்கத்துத் தெருவிலேயே வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் சோறும் கூட்டும் ரசமும் போதும் என்று இலையை மடிக்கும்வரை வருகின்றன. ரங்கூன் சோற்றுக்கடையின் நெருங்கிய உறவு அதுவே என்பேன், சூடாகவும் இருக்கும் என்பதைச் சேர்த்து.

சென்னையில் ‘அளவுச் சாப்பாடு’ என்று பலகையிலேயே எழுதிவிடுவதால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. அங்கே என் மனத்தைக் கவர்ந்தவை கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டி, பர்மிய நூடுல்ஸ் கலவையான அத்தோவை விற்கும் கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுத் திரும்பிய தமிழர்கள் தொடங்கிவைத்த அந்தத் தொழிலில், அத்தோ வாங்குபவருக்கு வாழைத்தண்டுச் சாறு காசில்லாமல் கிடைக்கிறது. அத்தோவின் சுவை சென்னைக்குத் தக்கபடி மாறிவிட்டது. கேளாமல் சாறு ஊற்றும் கை மாறவில்லை.

இந்தத் தாராளத்தைக் கடைக்காரர்களின் தனிப்பட்ட குணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வழிப்போக்கர்களுக்காகத் தெருவோரத்தில் தண்ணீர்ப் பானை வைப்பதும், சித்திரைப் பிறப்பை ஒட்டிய திஞ்சான் திருநாளில் வெல்லம் பொதிந்த அரிசி உருண்டைகளைப் போவோர் வருவோருக்கெல்லாம் வழங்குவதும் இந்நாட்டில் இயல்பாக நடப்பவை. பிரிட்டனைச் சேர்ந்த ஒரு அறக்கட்டளை வெளியிடும் உலக ஈகைக் குறியீட்டில் 2014 முதல் 2017 வரை மியன்மா முதலிடத்தில் இருந்தது. முதல் ஆண்டில் அமெரிக்காவோடு அந்த இடத்தைப் பகிர்ந்துகொண்டது. பௌத்தம் வளர்த்த தானப் பழக்கம் கடைகளின் மேசைவரை வந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. எங்கள் கோயில்களின் அன்னதானப் பந்தியில் பர்மியரும் தயக்கமின்றி வந்து அமர்வதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் கிண்ணங்களைத் தூக்கி வருபவர் யார் என்பதையும் மதிப்புரையில் சொல்லியாக வேண்டும். இந்நகரத்துத் தேநீர்க் கடைகளிலும் சோற்றுக்கடைகளிலும் கிராமங்களிலிருந்து வந்த சிறுவர்கள் வேலை செய்வது எல்லாரும் அறிந்ததே. நான் எழுதும் கடையிலும் பள்ளியில் இருக்க வேண்டிய வயதுடைய ஒருவன், மேசைக்கு மேசை பிளாஸ்க்கை மாற்றிக்கொண்டிருக்கிறான். விலையில்லாமல் வரும் ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் குறைந்த கூலியால் விலை கொடுக்கிறார் என்ற எண்ணம் எனக்கு அங்கே உண்ணும்போதெல்லாம் எழுகிறது. பினாங்கில் காசாளர் சொல்லும் விலையை நான் பொறுத்துக்கொள்வதற்கும் இதுவே காரணம்.

சைவ உணவினருக்கு இந்தக் கடையைப் பரிந்துரைக்க முடியாது. காய்த்தட்டும் வெறும் சோறும் போதும் என்று நினைத்துப் போகிறவர்கள், சாற்றிலும் துவையலிலும் கூனியோ மீன்சாறோ கலந்திருப்பதைப் பிறகுதான் அறிவார்கள். அவர்கள் அனோரத்தா சாலையிலேயே இலை போடும் தென்னிந்தியக் கடைகளைத் தேடுவது நல்லது. மற்றவர்கள் முற்பகலில், நண்பகல் கூட்டம் சேர்வதற்கு முன் போக வேண்டும், ஏனெனில் கெளுத்தி முதலில் தீர்ந்துவிடுகிறது. சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்திருங்கள். எழும்போது பரிமாறிய பையனின் கையிலேயே நேராக ஏதேனும் கொடுங்கள். மேசையில் வைத்துவிட்டு வந்தால் அது அவனிடம் போய்ச் சேரும் என்பதற்கு உறுதியில்லை.