தகப்பன்ர பேரைச் சொல்லுங்கோ

"95 இடம்பெயர்வோட அழிஞ்சு போயிருக்கும் அண்ணை."

அம்மம்மாவின் பிறப்புப் பதிவைத் தேடி, யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு பிரதேச செயலகத்துக்குப் போன எனக்கு முதல் நாள் கிடைத்த பதில் இது. படிவத்தை வாங்கிப் பார்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமத்தை விட்டு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்த சனத்தில் நானும் ஒருவன். அந்த இடம்பெயர்வின் பெயரைச் சொல்லி ஒருவர் "இல்லை" என்றால், எனக்கு எதிர்த்துக் கேட்க வராது. தலையாட்டிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தின் கீழ் நின்றேன். கோபமும் துக்கமும் சேர்ந்து வந்தன.

லண்டனிலிருந்து மூன்று கிழமை லீவில் போயிருந்தேன். பயணம், தங்குமிடம், கோயில், கலியாண வீடு எல்லாம் நல்லபடியாக முடிந்தன. எழுதியே ஆகவேண்டும் என்று மனதில் நின்றது இந்தக் கந்தோரில் கழிந்த மூன்று நாள்தான்.

ஆசை தொடங்கியது வேலைத்தலத்தில். என்னோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெண் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், கதிரையை விட்டு எழும்பாமலே தன் பூட்டனின் வீட்டில் 1921 இல் யார் யார் இருந்தார்கள் என்று எடுத்துக் காட்டினா. அங்கே குடிசன மதிப்புத் தாள்களை நூறு வருடம் பூட்டி வைத்துவிட்டுத் திறந்து விடுகிறார்கள். இங்கிலாந்தின் பிறப்பு இறப்புப் பதிவுகள் 1837 இலிருந்து இருக்கின்றன. இலக்கத்தைக் கொடுத்துக் காசைக் கட்டினால் பத்திரம் தபாலில் வரும். நானும் அதே தளத்தில் இருந்து பார்த்தேன். முதற் கேள்வியே குடும்பப் பெயர் என்ன என்பது. எங்கள் ஆட்களிடம் எங்கே அது? அப்பாவின் பெயர் எனக்குக் கடைசிப் பெயர், என் பெயர் என் மகனுக்குக் கடைசிப் பெயர். ஒவ்வொரு தலைமுறையிலும் பெயர் அறுந்து போகிறது. அதனால்தான் ஊருக்குப் போய் நேரே கேட்போம் என்று நினைத்தேன்.

முந்திய காலமென்றால் விதானையார் வீட்டுப் படலையைத் திறந்து போய்க் கேட்டால் போதும். இன்னாரின் பேரன் என்று சொன்னால் மிச்சத்தை அவரே சொல்லுவார். இப்போது கிராம சேவையாளர் வேறு ஊர்க்காரர், வயதும் என் மருமகனின் வயதுதான். அவரில் பிழை இல்லை, அந்தப் பழைய ஆட்கள் இல்லை, அவ்வளவுதான்.

முதல் நாள் பின்னேரம் பெரியம்மாவிடம் போய் இருந்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். அம்மம்மா 1996 இல் வன்னியில் மோசம் போனவ. அந்த நேரத்தில் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்க யாருக்கு வழியிருந்தது? ஆனால் பூட்டனின் கல்வெட்டு ஒன்று பெரியம்மாவின் அலுமாரியில், சீலைகளுக்கு அடியில் இருந்தது. திதி வெண்பா, தேவாரம், புலம்பல் எல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்தில் வம்சாவழி. மூன்று தலைமுறை ஒரே தாளில்! இந்தப் புத்தகங்களை நாங்கள் அந்தியேட்டி வீட்டில் வாங்கி, சோற்றுக்கு முன் ஒருதரம் புரட்டிவிட்டு எறிந்திருக்கிறோம். நூலகம் என்ற எண்ணிம நூலகம் 2005 இலிருந்து பழைய புத்தகங்களோடு இப்படியான நினைவு மலர்களையும் இணையத்தில் இலவசமாக ஏற்றி வருகிறது. உங்கள் வீட்டில் ஒன்று கிடந்தால் தயவுசெய்து எறியாதீர்கள்.

அம்மம்மா பிறந்தது "சுக்கில வருசம் ஆனி மாதம்" என்றா பெரியம்மா. அறுபது வருடச் சுற்றில் கணக்குப் பார்த்தால் 1929 ஆனி. இரண்டாம் நாள் அந்தத் திகதியோடு போனேன். இந்தமுறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள்: அப்படி ஒரு பெயர் அந்த வருடத்தில் இல்லை. பக்கத்து ஊரின் பதிவு வேறு பிரிவில் இருந்திருக்கும், அங்கே போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் இங்கே திருப்பி அனுப்பினார்கள். ஓட்டோக்காரத் தம்பி மட்டும் பொறுமையாக இருந்தான்.

காத்திருந்த நேரத்தில் அத்தாட்சிக்காகக் கொண்டுபோன என் சொந்தப் பிறப்புப் பத்திரத்தை வாசித்தேன். விசாவுக்கும் பாஸ்போட்டுக்கும் எத்தனைதரம் மொழிபெயர்த்துக் கொடுத்த தாள் அது. அப்பாவின் அப்பா இலங்கையில் பிறந்தவரென்றால் அவருடைய பெயர், பிறந்த வருடம், பிறந்த இடம் எழுத அதில் ஒரு நிரல் இருக்கிறது. நிரப்பியும் இருந்தது. தொடங்க நினைப்பவர்கள் முதலில் உங்கள் சொந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அப்பாவின் பக்கம் மூன்று தலைமுறை கையிலேயே இருக்கிறது.

மூன்றாம் நாள் வேறொரு பிள்ளை இருந்தா. இருபத்தைந்து வயது இருக்கும். படிவத்தைப் பார்த்தா, என்னைப் பார்த்தா.

"அம்மம்மான்ர பேரை விடுங்கோ அண்ணை. தகப்பன்ர பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"அந்தக் காலத்தில கனபேர் பிள்ளை பிறந்த முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிய முதலே வந்து பதிஞ்சுபோட்டுப் போயிடுவினம். பிள்ளைக்குப் பேர் வைச்சிருக்க மாட்டினம். பிறகு ஆரும் வந்து எழுதிறேல்லை."

அரை மணித்தியாலத்துக்குள் புத்தகத்தோடு வந்தா. ஓரமெல்லாம் செல்லரித்த பெரிய புத்தகம். பெயர் நிரல் வெறுமையாகக் கிடந்தது. பெண். தகப்பன், பூட்டன். தாய், பூட்டி. இடம்பெயர்வில் அழிந்துவிட்டது என்று சொன்ன பதிவு, நான் நின்ற இடத்திலிருந்து சில அடி தூரத்தில் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. அந்த முதல் நாள் பதிலை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எத்தனை பேர் அதைக் கேட்டுவிட்டு அப்படியே கனடாவுக்கும் லண்டனுக்கும் திரும்பிப் போயிருப்பார்கள்? அழிந்தது உண்மையிலேயே நிறைய. 1981 இல் எரிந்த யாழ் நூலகத்தைப் பற்றி யாருக்குச் சொல்ல வேண்டும்? அதனால்தான் மிஞ்சியதைத் தேடிப் பார்க்காமல் அழிந்தது என்று சொல்லக்கூடாது.

அந்தப் பிள்ளை புத்தகத்தை என் பக்கம் திருப்பி இன்னொரு நிரலைக் காட்டினா. பிறப்பை அறிவித்தவர் பூட்டன் இல்லை. ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் பெருவிரல் அடையாளம். மை இன்னும் கறுப்பாக இருந்தது. பூட்டியின் தாயாக இருக்கும் என்றா. பூட்டனின் கல்வெட்டில் அந்தப் பெயர் இல்லை. அதில் ஆம்பிளைகளின் வழிதான் இருந்தது.

பின்னேரம் பெரியம்மாவுக்கு அந்தப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

"அந்த மனிசிக்குச் சீதனமாக் குடுத்த காணியெல்லே தம்பி இது. புளியடி வளவு."

நாங்கள் இருந்து கதைத்த திண்ணை அந்த வளவில்தான். எங்கள் பகுதிக்குத் தேசவழமை என்ற வழக்குச் சட்டம். ஒல்லாந்தர் அதை எழுதித் தொகுத்தது 1707 இல். சீதனம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறபடியால், பெயர் அறுந்த இடத்திலும் காணி அறாமல் வருகிறது. அந்த மனிசியிடமிருந்து பூட்டிக்கு, பூட்டியிடமிருந்து அம்மம்மாவுக்கு, அம்மம்மாவிடமிருந்து பெரியம்மாவுக்கு.

"பழைய காணி உறுதி வைச்சிருக்கிறன். 95 இல மடிக்குள்ள கட்டிக்கொண்டு போனது" என்று சொல்லிவிட்டு, அலுமாரித் திறப்பை எடுக்க எழும்பினா.