வலது ஓரத்து இருட்டு

போன வாரம் நண்பன் கேட்டான்: "உன்கிட்ட இருக்கிற மாதிரியே ஒரு பழைய ஃபிலிம் கேமரா கிடைக்குது. விலையும் குறைச்சிருக்காங்க. வாங்கலாமா?" என்னுடையது ரிப்பேரிலிருந்து திரும்பி வந்து பத்து நாள்தான் ஆகிறது. சூடு ஆறவில்லை.

1970களின் கடைசியில் ஜப்பானில் செய்த எஸ்எல்ஆர், அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா. ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கும் பற்சக்கரமும்தான். பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும். ஆறு வருடமாக இதில்தான் படம் எடுக்கிறேன். ஃபிலிமை நகர்த்தும் வைண்டிங் லீவரைத் தள்ளும்போது கட்டைவிரலில் தெரியும் அந்த இழுப்பு வேறு எந்தக் கேமராவிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டு வருடம் முன்பு தனுஷ்கோடியில் எடுத்த ஃபிலிம் ரோல் கழுவி வந்தபோது, எல்லா வானத்திலும் வலது ஓரம் மட்டும் அந்தி சாய்ந்தாற்போல் இருண்டிருந்தது. மீட்டர்தான் கெட்டது என்று நினைத்தேன். பட்டன் செல்லை மாற்றினேன். போனில் உள்ள மீட்டரோடு ஒப்பிட்டேன், அரை ஸ்டாப்கூட (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) வித்தியாசமில்லை. அப்புறம் லென்ஸைச் சந்தேகப்பட்டேன். மூன்று ரோல் வீண். வீட்டுக்குள் எடுத்தவை மட்டும் பளிச்சென்று வந்தன.

கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி எடுத்த ஒரு படம்தான் கண்ணைத் திறந்தது. அதில் இருட்டு கீழே இருந்தது. கேமரா திரும்பினால் இருட்டும் திரும்புகிறது. லென்ஸாக இருந்தால் நான்கு மூலையும் இருண்டிருக்கும். அப்படியென்றால் ஷட்டர்.

இந்த வகை ஷட்டரில் இரண்டு துணித் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுக்கே ஓடும். வீட்டுக்குள் எடுக்கும் 1/60 நொடி போன்ற மெதுவான வேகத்தில் ஃபிலிம் முழுதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். 1/1000 நொடியில் இரண்டு திரைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடுக்குதான். பழைய எண்ணெய் பிசினாகி முதல் திரை மெதுவாக ஓடினால், பின்னால் வருவது அதை நெருங்கிவிடும். இடுக்கு சுருங்கி, கடைசி ஓரத்துக்கு வெளிச்சம் போய்ச் சேராது. நம் ஊர் மத்தியான வெயிலில் வெளிச்சத்தைச் சீக்கிரம் பிடிக்கும் 400 ஃபிலிம் போட்டால், லென்ஸின் துளையைச் சிறிதாக எஃப்/16 வைத்தால் 1/500, கொஞ்சம் பெரிதாக எஃப்/11 வைத்தால் 1/1000. குறை ஒளிந்திருக்கும் இடத்துக்கே வெயில் நம்மைத் தள்ளுகிறது.

எனக்குக் கோபம் எண்ணெய் மேல் இல்லை. நாற்பது வருடம் கழித்துக் காய்ந்தால் அது செய்தவர் குற்றமாகாது. முதலில் ரிப்பேர் பார்த்தவர் உள்ளே சுத்தம் செய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் முறுக்கித் தந்தார். நாலு மாதத்தில் அதே இருட்டு. இரண்டாவது ஆள் முழுக்கப் பிரித்து, கழுவி, எண்ணெய் விட்டு, பிறகுதான் திரைகளின் இழுவையைச் சரிசெய்தார். இப்போது 1/1000ல் வானம் ஓரத்துக்கு ஓரம் ஒரே நீலம். எவ்வளவு நாளாயிற்று அதைப் பார்த்து!

இருந்தும் நண்பனிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவன் கேட்கவில்லை, நாளைக்குப் பார்க்கப் போகிறான். சரி, அவனுக்கு நான் சொன்னது இதுதான்: ஃபிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து, லென்ஸை முழுதாகத் திறந்து, வெளிச்சமான சுவரை நோக்கி 1/1000ல் ஐந்தாறு தடவை அழுத்திப் பார். கண்ணுக்கு ஒரு ஓரம் மங்கினால், என்ன விலை சொன்னாலும் எழுந்து வந்துவிடு.