ஏஎன்/பிஆர்சி-152: தரையும் விமானமும் பேச ஒரே கைரேடியோ போதுமா?

போதும், அமைப்புகளைச் சரியாக ஏற்றியிருந்தால்.

அமெரிக்கத் தரைப்படையின் சிங்கார்ஸ் என்ற ரேடியோ முறை 30–88 மெகாஹெர்ட்ஸில் எஃப்எம். போர்விமானங்களின் ஹேவ் குவிக் முறை 225–400-இல் ஏஎம். எதிரி குறுக்கிடாதபடி இரண்டும் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவினாலும் தாவும் முறை வேறு. அதனால் வான்தாக்குதலை வழிநடத்துபவருக்கு சிங்கார்ஸுக்கு பிஆர்சி-119 ஒன்று, ஹேவ் குவிக்குக்கு பிஆர்சி-113 ஒன்று என இரண்டு முதுகுப்பெட்டிகள் தேவைப்பட்டன. ஹாரிஸ் நிறுவனத்தின் ஃபால்கன் III வரிசையில் வந்த பிஆர்சி-152 இரண்டையும் 30–512 மெகாஹெர்ட்ஸ், 5 வாட் கைப்பெட்டியில் அடக்கிவிட்டது.

5 வாட் குறைவாகத் தெரியலாம். 3,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு ரேடியோ அடிவானமே சுமார் 225 கிலோமீட்டர். நேர்ப்பார்வை இருந்தால் தாராளம். இடிப்பது ஆன்டெனாதான். 300 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 25 செ.மீ., குட்டை ஆன்டெனா போதும். 30-இல் அதுவே இரண்டரை மீட்டர். அங்கே அதே குட்டையை மாட்டினால் சக்தியில் பெரும்பகுதி வீண். இன்னொன்று: ஆன்டெனா செங்குத்தாக இருக்கும்போது அதன் நேர் உச்சியில்தான் சிக்னல் மிகப் பலவீனம். விமானம் தலைக்கு மேல் வந்ததும் குரல் அறுந்தால் பெட்டியைக் குறை சொல்லாதீர்கள், சாய்த்துப் பிடியுங்கள்.

தகராறு அதிகம் ஹேவ் குவிக்கில்தான். அன்றைய குறிச்சொல் (தாவும் வரிசையைத் தீர்மானிக்கும் எண்கள்), நேரம், வலை எண் (பேசும் குழுவின் எண்) மூன்றும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். நேரம் என்றால் கிரீன்விச் நேரம். ஆப்கானிஸ்தானில் உள்ளூர் நேரம் நாலரை மணி முந்தி ஓடும். உள்ளூர் நள்ளிரவை நம்பிக் குறிச்சொல்லை மாற்றுபவர் விமானத்துக்கு ஒரு நாள் முந்திவிடுவார். சிங்கார்ஸ் நான்கு விநாடிப் பிசகைப் பொறுத்துக்கொள்ளும், ஹேவ் குவிக் அப்படியல்ல. ஜிபிஎஸ்ஸிலிருந்து நேரம் எடுங்கள். கிடைக்காவிட்டால் விமானத்திடம் 'மிக்கி' எனும் நேரச் சமிக்ஞையைக் கேளுங்கள், அது அனுப்பும் தொனியில் உங்கள் கடிகாரம் ஒத்துக்கொள்ளும். வலை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களையும் வாய்விட்டுச் சரிபாருங்கள். 25 நேட்டோ வகை, 50 நேட்டோ அல்லாத வகை. ஒருவர் 25, ஒருவர் 50 என்றால் இரு பக்கமும் மௌனம்தான்.

சோதிக்கும் வரிசை முக்கியம். முதலில் ஒற்றை அலைவரிசையில், மறையாக்கம் இல்லாமல், ஏஎம்மில் கூப்பிடுங்கள். பிறகு தாவலைப் போடுங்கள். கடைசியாக வின்சன் என்ற குரல் மறையாக்கம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டுப் பேச்சு வரவில்லை என்றால், கோளாறு நேரத்திலா மறையாக்கச் சாவியிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

விமானத்தில் என்ன பெட்டி என்பதையும் முன்கூட்டிக் கேட்டுவையுங்கள். ஏஆர்சி-210 என்றால் சிங்கார்ஸும் ஹேவ் குவிக்கும் இருக்கும். பழைய ஏஆர்சி-186 மட்டும் என்றால் எஃப்எம்மில் தாவல் கிடையாது. அதற்கென ஒற்றை அலைவரிசைச் சேனல் ஒன்றைக் கிளம்புமுன் 152-இல் ஏற்றிவைக்க வேண்டும்.