தோட்டாவுக்குக் கணக்குக் கேட்கும் விளையாட்டு

மாஃபியா என்ற கணினி விளையாட்டில், ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு மோட்டலில் நான் ஏழு முறை செத்தேன். மாமூல் வசூலிக்க உள்ளே போன சாம் என்ற கூட்டாளியைப் பிடித்து வைத்துக்கொண்டு அடிக்கிறார்கள். அவனை மீட்க வேண்டியவர்கள் நானும் இன்னொரு கூட்டாளியான பாலியும். என் கையில் கோல்ட் 1911 கைத்துப்பாக்கி. இரண்டு முறை சுட்டேன், எதிரே நின்றவன் விழுந்தான். பல ஆண்டுப் பழக்கத்தில் விரல் தானாகவே போய்த் தோட்டா நிரப்பும் விசையை அழுத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி திரையின் மூலையைக் காட்டினான்.

"அக்கா, ஐந்து தோட்டா காணாமல் போய்விட்டது."

அவன் சொன்னது சரிதான். ஏழு தோட்டா பிடிக்கும் மேகசினில் இரண்டைச் சுட்டுவிட்டு மாற்றினால், மீதி ஐந்தும் அந்த மேகசினோடு போய்விடும். மற்ற பல விளையாட்டுகளில் அவை எப்படியோ பைக்குள் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளும். இங்கே போனது போனதுதான். அடுத்த அறையில் மூன்று பேர் காத்திருக்கும்போது அந்த ஐந்தின் அருமை தெரிந்தது.

நான் தொழிலால் கணக்கெழுதுகிறவள். கூட்டுத்தொகையில் ஒன்று இடித்தாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வராது. மாஃபியா: த சிட்டி ஆஃப் லாஸ்ட் ஹெவன் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த ஐந்து தோட்டாக்களால்தான். ஒரு மாதம், வேலை முடிந்து வந்த இரவுகளில் எல்லாம், தம்பியை அருகில் வைத்துக்கொண்டு அதன் 20 அத்தியாயங்களையும் விளையாடி முடித்தேன்.

செக் நாட்டின் புர்னோ நகரில் இருந்த இல்யூஷன் சாஃப்ட்வொர்க்ஸ் உருவாக்கிய விளையாட்டு இது. 2002 ஆகஸ்டில் கணினிக்கு வந்தது. 2004இல் பிளேஸ்டேஷன் 2க்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் போனது. கதையை எழுதி வழிநடத்தியவர் டேனியல் வாவ்ரா. லாஸ்ட் ஹெவன் என்ற கற்பனையான அமெரிக்க நகரத்தில், 1930இல், டாமி ஏஞ்சலோ என்ற டாக்சி ஓட்டுநரின் காருக்குள் ஓர் இரவு இரண்டு பேர் துப்பாக்கியோடு ஏறுகிறார்கள். அவர்கள்தான் பாலியும் சாமும். பின்னால் துரத்தி வருபவர்கள் போட்டிக் கும்பலின் தலைவன் மொரெல்லோவின் ஆட்கள். அந்த ஒரு சவாரியில் டாமியின் வாழ்க்கை தடம் மாறிவிடுகிறது. பாலியும் சாமும் இருக்கும் கும்பலின் தலைவன் டான் சாலியேரியின் ஆளாகிறான். எட்டு ஆண்டுகள் கழித்து, 1938இல், ஒரு காபிக்கடையில் உட்கார்ந்து நார்மன் என்ற துப்பறியும் அதிகாரியிடம் நடந்ததை எல்லாம் சொல்கிறான். நாம் விளையாடுவது அவன் சொல்லும் அந்த வாக்குமூலத்தை.

இதைத் துப்பாக்கி விளையாட்டு என்று சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்கள். முதல் சில மணி நேரத்தில் நான் சுட்டதைவிடக் கார் ஓட்டியதே அதிகம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை இருக்கிறது. சாலியேரியின் மதுக்கடைக்குப் போக வேண்டும்; டான் சொல்வதைக் கேட்க வேண்டும்; வின்சென்சோவிடம் துப்பாக்கி வாங்க வேண்டும்; பின்கட்டில் ரால்ஃப் திக்கித் திக்கிப் பேசியபடி காரைத் தருவான், புதிய மாடல் காரின் பூட்டைத் திறக்கும் வித்தையையும் அவனே கற்றுக்கொடுப்பான். அப்புறம் நகரத்தின் குறுக்கே ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அதுவும் மணிக்கு 40 மைலுக்குள். வேகம் கூடினாலோ சிவப்பு விளக்கைத் தாண்டினாலோ போலீஸ்காரர் நிறுத்தி அபராதம் எழுதுவார். தெருவில் துப்பாக்கியை வெளியே எடுத்தால் விஷயம் அபராதத்தோடு முடியாது.

தொடக்கத்தில் கிடைக்கும் போல்ட் ஏஸ் காரை ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். அதற்கு முன்மாதிரி ஃபோர்டின் மாடல் டி. பாதி மேட்டில் இன்ஜின் முனகும், கியரைக் குறைத்தால் கொஞ்சம் நகரும். பின்னால் டிராம் மணியடித்துக்கொண்டு வரும். இந்த மந்தகதியைப் பலர் குறையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு இந்த விளையாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஐந்து நிமிடச் சண்டைக்குப் பத்து நிமிடம் ஓட்டிப் போகும்போது, பக்கத்து இருக்கையில் பாலி ஏதோ பேசிக்கொண்டு வருவான். அவன் குரலுக்குப் பழகிவிடுகிறோம். அதன் பிறகு அவன்மீது குண்டு பட்டால் நமக்குப் பதறுகிறது.

தாம்சன் கையில் வந்த அன்று தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. வட்ட டிரம் மாட்டிய அந்த இயந்திரத் துப்பாக்கியை அந்தக் காலத்துக் குற்றக் கும்பல்களின் அடையாளமாகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. டிரம்மில் 50 தோட்டா. நிஜமான தாம்சன் நிமிடத்திற்கு 600, 700 என்ற கணக்கில் சுடக்கூடியது. அப்படியானால் விரலை எடுக்காமல் அழுத்தினால் 50 தோட்டாவும் நான்கைந்து விநாடிகளில் தீர்ந்துவிடும். திரையிலும் ஏறக்குறைய அதுதான் நடக்கிறது. முதல் நான்கு குண்டு குறி வைத்த இடத்தில் படும். அப்புறம் குழல் மேலே தூக்கிக்கொண்டு சுவரையும் கூரையையும் துளைக்கும். எதிரி அங்கேயே நின்று திருப்பிச் சுடுவான்.

விஸ்கி பேரம் பேசப் போகும் அத்தியாயத்தில், பல அடுக்கு வாகன நிறுத்தக் கட்டடத்தில்தான் நான் அதைக் கையாளக் கற்றேன். தூணுக்குத் தூண் ஒதுங்கி, மூன்று தோட்டா, நிறுத்தம், மறுபடி மூன்று தோட்டா. தம்பி வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தான். "பதினெட்டு இருக்கிறது அக்கா. பன்னிரண்டு. இப்போது மாற்றாதே, இன்னும் ஒன்பது இருக்கிறது." அந்த ஒன்பதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது டிரம் போடுவதா, ஒன்பதோடு அடுத்த தூணுக்கு ஓடுவதா? பதுங்கியிருந்த இரண்டு விநாடிகளுக்குள் இதை முடிவு செய்ய வேண்டும். குழல் வெட்டிய இரட்டைக்குழல் துப்பாக்கியில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதில் இருப்பதே இரண்டு தோட்டா. டாமியின் உயிர் நூறு புள்ளி. அருகில் நின்று யாராவது அப்படி ஒரு துப்பாக்கியால் சுட்டால் நூறில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. சுவரில் மாட்டிய முதலுதவிப் பெட்டி எங்கேனும் இருந்தால் பிழைக்கலாம். ஒளிந்து நின்றால் காயம் தானாக ஆறிவிடும் சலுகை இங்கே கிடையாது.

தேவாலயக் காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓட்டல் ஒன்றில் இருவரைத் தீர்த்துவிட்டு அங்கே வெடிவைக்க டாமியை அனுப்புகிறார்கள். அந்த இருவரில் ஒருத்தி தகவல் கசியவிட்ட ஓர் இளம்பெண். வெடி வெடித்ததும் ஜன்னல் வழியே பாய்ந்து, கூரைகளின் மேல் ஓடி, தப்பித்தோம் என்று நினைக்கும்போது ஒரு தேவாலயத்துக்குள் வந்து சேர்கிறோம். அங்கே இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருக்கிறது. சவப்பெட்டியில் கிடப்பவன் யார் என்று தெரிந்ததும் நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். முந்தைய அத்தியாயத்தில் நாம் துரத்திப் போன கும்பலைச் சேர்ந்தவன் அவன். நம் ஆட்களின் கையால் செத்தவன். நாற்பது நிமிடத்துக்கு முன் தம்பியும் நானும் கைதட்டிக் கொண்டாடிய சாவு அது. இப்போது அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவனுக்காக அழ வந்தவர்கள் இருக்கிறார்கள், பாதிரியார் இருக்கிறார். வந்தவர்களில் சிலர் கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியை உருவுகிறார்கள். மரப் பெஞ்சுகளுக்கு இடையே தவழ்ந்தபடி மறுபடியும் சுட வேண்டியிருக்கிறது. சண்டை முடிந்தபின் பாதிரியார் டாமியிடம் பேசும்போது தம்பி எதுவும் எண்ணவில்லை. இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த இளம்பெண்ணை டாமி என்ன செய்தான் என்பதை நீங்களே விளையாடித் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இந்தக் கதையில் சுட்ட தோட்டாவும் திரும்பி வருகிறது, சுடாமல் வைத்துக்கொண்ட தோட்டாவும் திரும்பி வருகிறது. வாவ்ரா எதையும் மறப்பதில்லை. கடைசி அத்தியாயத்தில் அவர் பழைய பேரேட்டைப் புரட்டி வரிவரியாக வாசிப்பதுபோல் இருந்தது எனக்கு.

மழை கொட்டும் இரவில் பண்ணை வீட்டுக்கு விஸ்கி எடுக்கப் போகும் அத்தியாயமும் அருமை. பதினைந்து ஆண்டுக்கும் மேற்பட்ட கிராபிக்ஸ்தான். முகங்கள் மரப்பொம்மை போல, விரல்கள் ஒட்டிக்கொண்டு இருக்கும். ஆனால் அந்த இருட்டில் வைக்கோல் கொட்டகையின் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடிபட்ட சாமைக் கண்டெடுத்து, லாரியின் பின்புறம் ஏறி, துரத்தி வரும் கார்களைச் சுட்டுக்கொண்டே தப்பும் இடத்தில் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

குறைகள் உண்டு. நினைத்த இடத்தில் சேமித்து வைக்க முடியாது. விளையாட்டு தானாகச் சேமிக்கும் இடங்கள் சில அத்தியாயங்களில் வெகுதூரம் தள்ளித் தள்ளி இருக்கின்றன. கடைசி எதிரியிடம் செத்தால் கால் மணி நேர உழைப்பு வீண். கூட வரும் தோழர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று நம் குண்டுக்கே குறுக்கே வருகிறார்கள். கார்ப் பந்தய அத்தியாயத்தைப் பற்றி எல்லோரும் புலம்புவது நியாயம்தான். முதலிடம் பிடித்தால்தான் கதை நகரும், அந்தக் காரோ வளைவில் சோப்புத் தரையில் போவதுபோல் வழுக்குகிறது. பிற்பாடு வந்த திருத்தத்தில் பந்தயத்தின் கடுமையைக் குறைக்கும் வசதி சேர்த்தார்கள். தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பொறுமையைத் துப்பாக்கிச் சண்டைகளுக்கு மிச்சம் வையுங்கள்.

என்னை உண்மையில் வருத்தியது வேறொன்று. முதலில் வெளியானபோது, நகரின் பகுதிக்குப் பகுதி மாறும் பழைய ஜாஸ் இசை இதில் இருந்தது. ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கிட்டார் கேட்டபடி கார் ஓட்டலாம். உரிமக் காலம் முடிந்ததால், 2017இல் இணையத்தில் மறுபடி விற்பனைக்கு வந்த பதிப்பில் அந்தப் பாடல்கள் இல்லை. நான் வாங்கியது அதைத்தான். இன்ஜின் சத்தம் மட்டும் கேட்கும் அந்தத் தெருக்களில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது பாடல்களைத் தனியாகத் தேடிக் கேட்ட பிறகுதான் புரிந்தது. பழைய குறுந்தகடு யாரிடமாவது இருந்தால் அதைக் கேட்டு வாங்கி விளையாடுங்கள். விளாடிமிர் ஷிமூனெக் அமைத்த பின்னணி இசை மட்டும் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. தொடக்கத்தில் நகரத்தின் மேல் பறந்து வரும் காட்சிக்கு அது ஒலிக்கும். நான் ஒருமுறைகூட அதைத் தாண்டிப் போகவில்லை.

2020இல் ஹேங்கர் 13 என்ற நிறுவனம் இதை முழுக்கப் புதிதாகச் செய்து வெளியிட்டது. அதையும் விளையாடினேன். மழையில் நனைந்த சாலையில் விளக்குகள் மின்னும் அழகைப் பார்த்துத் தம்பி காரை நிறுத்திவிட்டான். மறைவில் ஒட்டி நின்று சுடும் வசதி வந்துவிட்டதால் சண்டைகள் சுலபமாகியிருக்கின்றன. பழைய கண்டிப்பு வேண்டுமென்றால் கிளாசிக் என்ற நிலையைத் தேர்ந்தெடுங்கள். மேகசினை மாற்றினால் மீதித் தோட்டா போய்விடும் விதி அதில் உண்டு. முதல் முறையாக வருகிறவர்களுக்குப் புதியது போதும். டாமிக்கு மைக்கேல் சொர்வினோ கொடுத்த அலுப்பு கலந்த குரலுக்காகவும், அந்த முரட்டு மேடுகளுக்காகவும் நான் பழையதையே விரும்புகிறேன். எதை எடுத்தாலும் இது பெரியவர்களுக்கான விளையாட்டு. இரத்தமும் வசைச்சொல்லும் நிறைய. என் தம்பிக்கு வயது 24.

கதை முடிந்ததும் நகரத்தில் விருப்பம்போல் சுற்றி விசித்திரமான வேலைகளைச் செய்யும் ஒரு தனிப்பகுதி திறக்கிறது. நான் இன்னும் அதைத் தொடவில்லை. தம்பி அதை விட்டுவிட்டு, மறுபடி 1930இல், அந்த டாக்சியிலிருந்தே தொடங்கியிருக்கிறான். நேற்றிரவு அவன் விளையாடுவதை நான் எண்ணிக்கை சொல்லிக்கொண்டு பார்த்தேன். மாமூல் வசூலித்துவிட்டு மோட்டலை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கு விழுந்தது. தெருவில் ஒரு போலீஸ்காரரும் இல்லை. அவன் காரை நிறுத்தி, பச்சை விழும்வரை பாலி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.