வைரம் பூசிய சீலா, சீலே இல்லாத பம்பா?

ரசாயன ஆலையில் பம்ப் ஒழுகினால் முதலில் கண் போக வேண்டியது ஷாஃப்ட், அதாவது சுற்றும் தண்டு, வெளியே வரும் இடத்துக்குத்தான். அங்கே ஒழுகாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலில் இரண்டு வளையங்கள்: ஒன்று ஷாஃப்டோடு சுற்றும், மற்றது அசையாது. நடுவில் ஏறக்குறைய ஒரு மைக்ரான் கனத்தில் திரவப் படலம். அது இருக்கிறவரைதான் சீலுக்கு உயிர்.

டேங்க் காலியானது தெரியாமல் பம்ப் ஓடினால் படலம் போய்விடும். சிலிக்கான் கார்பைடு என்ற கடினமான செராமிக்கில் செய்த வளைய ஜோடி கீச்சிடும், சூடாகும், ரப்பர் ஓ-ரிங் கருகும். கழற்றிப் பார்த்தால், வளையங்கள் ஒன்றோடொன்று உரசும், கண்ணாடிபோல மின்னிய முகத்தில் மயிரிழை விரிசல்கள் ஓடியிருக்கும்.

இதற்கு ஒரு தீர்வு வைரப் பூச்சு. சிலிக்கான் கார்பைடு முகத்தின்மேல் சில மைக்ரான் கனத்துக்கு வைரத்தை வாயுவிலிருந்து படிய வைக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் உருவான நானோ அளவுப் படிகங்கள் கொண்ட வைரப் படலமும் இப்படித்தான் சீலுக்கு வந்தது. உராய்வு குறைவு, சூடு சட்டென்று பரவிவிடும். அதனால் டிரை ரன்னை, அதாவது திரவமில்லாமல் ஓடுவதை, சாதாரண சீலைவிட நன்றாகத் தாங்கும். விலை அதிகம்தான். டேங்கர் லாரியிலிருந்து திரவம் இறக்கும் பம்ப் மாதிரி அடிக்கடி காற்று இழுக்கும் இடத்தில் அந்தக் காசு வீண் போகாது.

இன்னொன்று மேக்னெட்டிக் டிரைவ். மூடிய உறைக்கு வெளியே மோட்டார் சுற்றும் ஒரு காந்தம், அது இழுக்க உள்ளே கூடவே சுற்றும் ஒரு காந்தம். ஷாஃப்ட் வெளியே வருவதே இல்லை, அதனால் அந்த வழியாக ஒழுகவும் வழியில்லை. சுத்தமான நச்சுத் திரவத்துக்கு நான் இதைத்தான் கேட்பேன். ஆனால் உள்ளே இருக்கும் பேரிங்குக்கு எண்ணெய், தண்ணீர் எல்லாமே பம்ப் செய்யும் திரவம்தான். அது நின்றால் பேரிங் விரிசல் விட்டு உடையும், சில சமயம் உறையும் சேர்ந்து போகும். சீல் வைத்த பம்ப் என்றால் சேதம் பெரும்பாலும் அந்த இரண்டு வளையத்தோடு முடிந்திருக்கும். குழாய்த் துரு வந்தால் உள் காந்தத்தில் அப்பிக்கொள்ளும். உறை உலோகமாக இருந்தால், காந்தம் சுற்றும்போது அதில் எழும் சுழல் மின்னோட்டத்தால் சூடும் மின்சார விரயமும் உண்டு. செராமிக் உறையில் அந்தத் தொல்லை இல்லை.

துருவும் மண்டியும் கலந்த திரவம் என்றால் யோசிக்காமல் சீல் பக்கம் போகலாம். மேக்னெட் பம்ப்தான் வேண்டுமென்றால், மோட்டார் லோடு குறைந்ததும் டிரிப் ஆகிற பவர் மானிட்டரை ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள். பம்ப் வெறுமனே ஓடுவது சத்தத்தில் தெரியும் முன்பே அதில் தெரிந்துவிடும்.