கல்விக் கடன் வாங்கலாமா? மகளுக்காகக் கையெழுத்துப் போட்டவரின் மதிப்பீடு

திருப்பூரில் ஜாப் ஒர்க் தையல் யூனிட் வைத்திருக்கிறேன். மகளின் பொறியியல் படிப்புக்கு ஒரு பொதுத்துறை வங்கியில் 4 லட்சம் கல்விக் கடன் எடுத்தோம். அவள் கடன்தாரர், நான் இணைக் கடன்தாரர். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். குறைத்த இரண்டும் வட்டிக்காக அல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 4 லட்சம் வரை அடமானம் இல்லை, ஜாமீன்தாரர் இல்லை, நம் பங்காக மார்ஜின் பணமும் கட்ட வேண்டாம். 7.5 லட்சத்தைத் தாண்டினால்தான் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் விதிக்குள் வந்தால், அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசு மானியமாகக் கொடுத்துவிடும். நான் வருமான வரி கட்டுகிற ஆள், அதனால் அது எனக்கு இல்லை.

கிளையில் சேவை சுமார்தான். 'கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட்டா?' என்பது முதல் கேள்வி. அடுத்தது, 'உங்க ஏரியா எங்களுக்கு வராதுங்கண்ணா, பக்கத்துக் கிளையில பாருங்க.' பக்கத்துக் கிளைக்குப் போனால் அவர்கள் இவர்களைக் கை காட்டுவார்கள். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பம் போட்டு, அந்த எண்ணைக் காட்டிப் பேசிய பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

இப்போது கணக்கு. வருடம் 1 லட்சமாக நான்கு வருடம் கொடுத்தார்கள். வட்டி 10.5 சதவீதம். தவணை தொடங்குவதற்குள் சாதாரண வட்டி மட்டும் 1.47 லட்சம் ஏறி, அசல் 5.47 லட்சமாகி நின்றது. 10 வருடத்தில் அடைக்க மாதம் கிட்டத்தட்ட 7,400 ரூபாய். மகளுக்குச் சென்னையில் முதல் சம்பளம் 18,000. ஹாஸ்டல் வாடகை போக மீதி என்ன இருக்கும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

சரி, கட்டவே முடியாமல் போனால்? இங்கேதான் என் இரண்டு நட்சத்திரம் போனது.

எங்கள் ஊரில் மஞ்சள் நோட்டீஸ், அதாவது திவாலானவர் கடன் கொடுத்தவர்களுக்கு அனுப்பும் நோட்டீஸ், என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கே ஒரு பார்ட்டி ஐ.பி. (திவால் மனு) கொடுத்திருக்கிறார். நோட்டீஸில் கடன் கொடுத்தவர்கள் பட்டியல்: நூல் மில், சாயப்பட்டறை, இரண்டு ஃபைனான்ஸ், கடைசி வரியில் தையல் கூலி பாக்கிக்காக நான். வயிறு எரிந்தது. ஆனாலும் நொடித்துப்போன மனிதனுக்குச் சட்டத்தில் ஒரு வாசல் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டத்தில் 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுப் போடலாம். திவாலானாலும் கட்டியே ஆக வேண்டிய கடன்கள் என்று அது சொல்லும் பட்டியலில் கல்விக் கடன் என்ற பேச்சே இல்லை.

2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தைப் பாருங்கள். அதன் 79-ஆம் பிரிவு, திவாலானாலும் தீராத கடன்களை வரிசைப்படுத்துகிறது: நீதிமன்ற அபராதம், அலட்சியத்துக்கான நஷ்ட ஈடு, ஜீவனாம்சம், அதோடு மாணவர் கடன். கிரெடிட் கார்டு தேய்த்து ஊர் சுற்றிய கடன் தீரும், பீஸ் கட்டிய கடன் தீராது. சாதாரண ஆட்களுக்கான அந்தப் பகுதி இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை. அதற்குள் திருத்திவிடலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

வங்கிக்காரர்கள் சொல்வது புரிகிறது. பட்டம் வாங்கிய மறுநாளே பையன் ஐ.பி. போட்டால், அடமானம் இல்லாமல் எவன் கடன் கொடுப்பான்? நியாயம்தான். அமெரிக்காவில் 1976-இல் இதே பயத்தில்தான் சட்டம் போட்டார்கள். ஆனால் அப்போது, தவணை தொடங்கி 5 வருடம் வரைக்கும்தான் தடை. 1990-இல் அதை 7 ஆக்கினார்கள், 1998-இல் காலக்கெடுவையே எடுத்துவிட்டார்கள். பிறகு 'மிகையான துன்பம்' என்று நீதிமன்றத்தில் நிரூபித்தால்தான் விடுதலை. எனக்கு அந்தப் பழைய 7 வருடமே போதும். ஏழு வருடம் கட்டப் பார்த்து, முடியாது என்று நீதிபதி முன் கணக்கைக் காட்டுகிறவன் ஏமாற்றுக்காரன் இல்லை.

வங்கியும் தெருவில் நிற்கப் போவதில்லை. 7.5 லட்சம் வரையிலான அடமானமில்லாக் கடன் வராமல் போனால், அரசின் உத்தரவாத நிதி 75 சதவீதம் வரை ஈடு கட்டுகிறது. பாரத ஸ்டேட் வங்கி 800 கோடிக்கு மேல் வாராக் கல்விக் கடனை ஒரு தனியார் நிறுவனத்துக்குப் பாதிக்கும் குறைந்த விலைக்கு விற்றதும் நடந்ததுதான். விலைக்கு வாங்கிய நிறுவனத்துக்கு அந்தத் தள்ளுபடியைக் கொடுக்க முடிந்தது, பையனுக்குக் கொடுக்கக் கூடாதா?

இன்னொன்று. சட்டம் மாறி மகள் விடுபட்டாலும் இணைக் கடன்தாரரான என்னைத் தேடி வருவார்கள். வீட்டை எழுதிக் கொடுத்தவர்களுக்கு வீடும் தப்பாது. ஆகவே திருத்தம் வந்தால் பெற்றோர் கையெழுத்துக்கும் சேர்த்து வர வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு: படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்ட முடிந்தால் கட்டிவிடுங்கள், அசலோடு ஏறாது. பல வங்கிகள் அதற்கு 1 சதவீத வட்டிச் சலுகை தருகின்றன, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். வருமான வரியில் 8 வருடம் வரை இந்த வட்டிக்குக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருந்தால் மட்டும்.