சைக்ளோபொஸ்பமைட்டா, ரிட்டுக்ஸிமாபா? தங்கச்சிக்காக நாங்கள் யோசித்தது

தங்கச்சிக்கு மூக்கில் பொருக்கும் ரத்தமும் வரத் தொடங்கியபோது, களுவாஞ்சிகுடியில் எல்லோரும் பீனிசம் என்றுதான் சொன்னோம். இருமலில் ரத்தம் கண்டதும் காசநோய்க்குச் சளி பார்த்தார்கள், இல்லை. சலத்தில் ரத்தமும் புரதமும் போவது தெரிந்த பிறகுதான் அன்கா என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஜிபிஏ என்று வந்தது, முன்பு வெக்னர் என்று அழைத்த நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறிய ரத்தக் குழாய்களின் சுவரைத் தாக்கி வீங்க வைக்கிறது. மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் சேர்ந்து அடிபடுவது அதனால்தான்.

பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு எப்படியும் உண்டு. அதோடு எதைச் சேர்ப்பது என்பதுதான் கேள்வி.

சைக்ளோபொஸ்பமைட் பழைய மருந்து, விலை குறைவு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவார்கள். அதன் கழிவு சலப்பையைப் புண்ணாக்கும், அதனால் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு இளநீர்தான் கைக்கு வரும். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர் வைத்தியரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது. எங்களை உலுக்கியது வேறு விஷயம். இந்த மருந்து சேரச் சேரச் சூலகத்தைக் கெடுக்கும். "அக்கா, எனக்குப் பிள்ளை கிடைக்காமப் போயிருமா?" என்று அவள் கேட்டாள். வயது 29.

ரிட்டுக்ஸிமாப், எதிர்ப்புச் சக்தியில் பங்குள்ள பி அணுக்கள் என்ற ரத்த அணுக்களை மட்டும் அழிக்கிறது. வாரம் ஒன்றாக நான்கு தடவை. சூலகத்தை அப்படித் தொடுவதாகத் தெரியவில்லை. 2010இல் வெளியான ஆய்வில் இந்த வகை நோயாளிகள் 197 பேரை ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்தில் ஸ்டீராய்டு இல்லாமல் நோய் அடங்கியவர்கள் ரிட்டுக்ஸிமாபில் 64 சதவீதம், மற்றதில் 53. இந்த வித்தியாசத்தை வைத்து வென்றது எது என்று சொல்ல முடியாது. நோய் திரும்பி வந்தவர்களில் மட்டும் ரிட்டுக்ஸிமாபில் 67 சதவீதம், மற்றதில் 42, அது தெளிவான வித்தியாசம். ஆனால் ஹெபடைடிஸ் பி உள்ளே பதுங்கியிருந்தால் இந்த மருந்து அதை எழுப்பிவிடும். முதலில் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். தடுப்பூசிகளையும், நேரம் இருந்தால், முன்பே போட்டுவிடுவது நல்லது. பிறகு போட்டால் சரியாகப் பிடிக்காது.

எந்த மருந்து என்றாலும் பிரெட்னிசலோன் கூடவே வருவதால், வயலில் வெறுங்காலோடு வேலை செய்தவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். மண்ணிலிருந்து தோல் வழியாக ஏறும் ஒரு குடற்புழு, ஸ்டீராய்டு போட்டதும் உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

நாங்கள் ரிட்டுக்ஸிமாபைக் கேட்டு வாங்கினோம். பிள்ளை பெற விரும்புகிறவர்களுக்கும் நோய் திரும்பியவர்களுக்கும் அதையே சொல்வேன். ஆனால் சிறுநீரகம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டிருந்தால், அது கொழும்பிலிருந்து வரட்டும் என்று ஒரு வாரம்கூடக் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். சிறுநீரகம் பழுதாகும்போது ரத்தத்தில் கூடும் கிரியட்டினின் 4 mg/dLக்கு மேல் போனவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படிப்பட்டவருக்கு, கையிலிருக்கும் சைக்ளோபொஸ்பமைட்டை அன்றைக்கே ஏற்றட்டும்.